டார்கெட் டிஸ்கிரிப்ஷன்: இலக்குப்பொறி விவரக்குறிப்பு

ஜிடிபி (GDB) என்ற வழுநீக்கியை, அதாவது நிரலின் பிழைகளைத் தேட உதவும் டீபக்கரை, வைத்து வேறொரு போர்டிலோ எமுலேட்டரிலோ (இன்னொரு இயந்திரத்தைப்போல நடிக்கும் மென்பொருள்) ஓடும் நிரலை வழுநீக்கம் செய்கிறவர்கள் இந்தச் சொல்லை என்றாவது ஒருநாள் சந்தித்தே ஆகவேண்டும். இங்கே டார்கெட் என்பது நிரல் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம். அதன் செயலியில் என்னென்ன பதிவகங்கள், அதாவது மதிப்புகள் தங்கும் ரெஜிஸ்டர்கள், இருக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை பிட், அதற்கு என்ன எண் என்றெல்லாம் அந்தப் பக்கத்தில் ஜிடிபிக்குப் பதில் சொல்லும் நிரலான சர்வர் எழுதிக்கொடுக்கும் எக்ஸ்எம்எல் (குறிச்சொற்கள் இட்ட உரை) கோப்புதான் டார்கெட் டிஸ்கிரிப்ஷன்.

அப்படி எழுதித் தரவேண்டிய அவசியம் என்ன? பதிவக மதிப்புகளைக் கேட்க வழுநீக்கி அனுப்பும் செய்தி, அதாவது பாக்கெட், ‘ஜி’ என்ற ஒற்றை எழுத்து. பதிலாக வருவது ஹெக்ஸ் (பதினாறடிமான) இலக்கங்களின் நீளமான சரம், அவ்வளவுதான். பெயர் இருக்காது, நடுவில் ஒரு காற்புள்ளிகூட இருக்காது. முதல் 8 இலக்கங்கள் 78563412 என்று வந்தால், 32 பிட் லிட்டில் எண்டியன் (கடைசி பைட்டை முதலில் வைக்கும்) செயலி என்று முன்பே தெரிந்திருந்தால்தான் அதை 12345678 என்று படிக்க முடியும், அது எந்தப் பதிவகத்தின் மதிப்பு என்பதோ வரிசையை வைத்து மட்டுமே தெரியும். இந்த வரிசை செயலிக்குச் செயலி மாறும். 32 பிட் எக்ஸ்86இல் ஜிடிபி எதிர்பார்ப்பது ஈஏஎக்ஸ், ஈசிஎக்ஸ், ஈடிஎக்ஸ், ஈபிஎக்ஸ். 64 பிட்டில் ஆர்ஏஎக்ஸ், ஆர்பிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ்.

நீளம் பிசகினால் பரவாயில்லை, ‘ஜி பாக்கெட் பதில் மிக நீளம்’ என்று ஜிடிபியே கத்திவிடும், 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குத் தாவும் கெர்னலை (இயங்குதளத்தின் மையநிரல்) எமுலேட்டரில் பின்தொடர்ந்தவர்கள் இந்தப் பிழைச்செய்தியைப் பார்த்திருப்பார்கள். நீளம் சரியாக இருந்து வரிசை மட்டும் மாறிப்போனால்தான் ஆபத்து, ஏனென்றால் திரையில் தெரியும் எண்கள் எல்லாம் நம்பும்படியே இருக்கும்.

அதனால் இணைப்பு கிடைத்ததும் முதலில் வழுநீக்கியும் சர்வரும் பேசிக்கொள்கின்றன. உனக்கு என்னவெல்லாம் தெரியும் என்று வழுநீக்கி கேட்கிறது (கியூ சப்போர்ட்டட் பாக்கெட்). விவரக்குறிப்பைத் தரமுடியும் என்று சர்வர் சொன்னால், டார்கெட்.எக்ஸ்எம்எல் கோப்பை வழுநீக்கி துண்டு துண்டாக வாங்கிப் படிக்கிறது. கோப்பில் பதிவகத்துக்கு எண் கொடுக்காமல் விட்டால் முந்தையதற்கு அடுத்த எண் என்று பொருள், முதல் பதிவகம் என்றால் 0. ஜி பதிலில் மதிப்புகள் இந்த எண்களின் ஏறுவரிசையில்தான் வரும். தற்போது படிக்கமுடியாத பதிவகத்தின் இடத்தில் சர்வர் எக்ஸ் எழுத்துகளை நிரப்பி அனுப்பலாம்.

ஆர்ம் கோர்டெக்ஸ்-எம் செயலிக்கான கோப்பைத் திறந்து பார்த்தால் இது எவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு என்று புரியும். ஆர்0 தொடங்கி பிசி வரை 16 பதிவகங்களுக்கு 0 முதல் 15 வரை எண்கள், அப்புறம் செயலியின் நிலையைக் காட்டும் எக்ஸ்பிஎஸ்ஆருக்கு மட்டும் ஒரே தாவாக 25. நடுவில் விடுபட்ட எண்கள், தசம எண்களைக் கையாண்ட பழைய எஃப்பிஏ மிதவைப்புள்ளிப் பதிவகங்கள் ஒருகாலத்தில் உட்கார்ந்திருந்த இடம்! விவரக்குறிப்பு இல்லாத பழைய அமைப்பில் அவற்றையும் சேர்த்து 168 பைட் போகவேண்டும், விவரக்குறிப்பு இருந்தால் இந்த 17 பதிவகங்களுக்கு 68 பைட் போதும்.

சொல்லின் வேருக்கு வருவோம். டார்கெட் என்பது பழைய பிரெஞ்சில் சிறு கேடயம், பிற்பாடு அம்பெய்து பழகும் குறியைச் சுட்டியது. டிஸ்கிரிப்ஷன் லத்தீனில் ‘எழுதிவைத்தல்’. ரெஜிஸ்டரும் லத்தீன் வழிதான், பதிந்துவைத்தவை என்ற பொருளில் வந்தது. அலுவலக ரெஜிஸ்டருக்குத் தமிழில் பதிவேடு இருக்கிறது, ஆனால் செயலிக்குள் இருப்பது ஏடு அல்ல, மதிப்பு தங்கும் இடம். நூலகம், பதிப்பகம் போல அமைந்த பதிவகம்தான் இங்கே பொருந்தும்.

டார்கெட்டை வெறுமனே இலக்கு என்று எழுதினால் விற்பனை இலக்கு, ஆண்டு இலக்கு என்றே மனம் ஓடுகிறது. ஆகவே இலக்குப்பொறி என்பதே என் தேர்வு. டிஸ்கிரிப்ஷனுக்கு விவரணை என்கிறவர்களும் உண்டு, அதில் கதைவாடை அதிகம். எண்ணும் அளவும் அடங்கிய கோப்புக்கு விவரக்குறிப்பு என்பதே சரி.

சர்வர் இந்தக் கோப்பைத் தராவிட்டால் நாமே எழுதி, ‘செட் டிடெஸ்க் ஃபைல்நேம்’ கட்டளையில் கொடுக்கலாம். இணைப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அப்போதும் எண்களின் வரிசை சர்வர் அனுப்பும் வரிசையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.