தகரத்தின் நிழலும் மரத்தின் நிழலும்

"தகரக் கூரைக்கடியிலும் நிழல்தான், மரத்தடியிலும் நிழல்தான். மரத்தடி மட்டும் எப்படிக் குளுகுளுவென்று இருக்கிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

வெயிலை வாங்கிய தகரம் தானும் காய்ந்து, அந்தச் சூட்டைக் கீழே நிற்பவர் தலையில் இறக்கும். இலை அவ்வளவு சூடேறாது. பள்ளியில் படித்த நீராவிப்போக்குதான் காரணம். இலையின் அடிப்பக்கத்து நுண்துளைகள் திறந்ததும் உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகிப் போகும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால், மேலே போவதன் இடத்துக்குக் கீழே உள்ளது இழுபடும்; இப்படி இலையிலிருந்து வேர்நுனி வரை அறுபடாத நீர்ச்சரம் ஒன்று ஏறிக்கொண்டே இருக்கிறது. மரத்துக்குள் மோட்டாரும் இல்லை, இதயமும் இல்லை. சுட வந்த வெயிலே தண்ணீர் இறைக்கிறது, இறைத்த தண்ணீர் அந்தச் சூட்டையே தூக்கிக்கொண்டு போகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

1 லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். வேருக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் பெரிய மரம் கோடைநாளில் 100 லிட்டர் வெளிவிட்டால், ஒன்றரை டன் ஏசி சுமார் 13 மணி நேரம் முழுவீச்சில் ஓடி அகற்றும் வெப்பத்துக்கு அது சமம். ஏசி அந்தச் சூட்டைத் தெருவில் கொட்டும். மரமோ ஆவியோடு மேலே அனுப்பிவிடும்.

வேர் காய்ந்தால் துளைகள் மூடிக்கொள்ளும். சிமெண்டுக்கு நடுவே ஒரு முழக் குழியில் நட்ட கன்றால் இதெல்லாம் ஆகாது. அதனால்தான், ஒரு நகராட்சி எத்தனை கன்று நட்டது என்று நான் பார்ப்பதில்லை. மூன்றாவது கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் வைத்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

சரி, இந்தக் குளிர்ச்சி யாருக்குக் கிடைக்கிறது? 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு ஒன்று, கறுப்பின மக்களும் ஏழைக் குடியேறிகளும் மிகுதியாக வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாக்கி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்தது. 2020இல் வெளியான ஆய்வு, 108 நகரங்களின் அந்த வரைபடங்களைச் செயற்கைக்கோள் வெப்பப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தது. சிவப்புப் பகுதிகளின் தரை, மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சுட்டது. சில நகரங்களில் வித்தியாசம் 7 டிகிரியைத் தொட்டது.

அங்கே மரங்கள் குறைவு என்பதும் இதற்கு ஒரு காரணம். அப்படியானால் அங்கே மரம் வைத்துவிட்டால் தீர்ந்ததா? நியூயார்க்கில் ரயில் ஓடாமல் கிடந்த மேம்பாலப் பாதை 2009இல் ஹைலைன் பூங்காவாகத் திறந்தது. சுற்றிலும் ஆடம்பர அடுக்குமாடிகள் எழும்பின, வாடகை ஏறியது. பக்கத்து அரசுக் குடியிருப்புகளில் வாழ்பவர்களுக்கு உரியதைச் செய்யத் தவறிவிட்டோம் என்று, பூங்காவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் ஹாமண்டே 2017இல் ஒப்புக்கொண்டார். மரம் வந்தபின் சூடு எவ்வளவு குறைந்தது என்று அளக்க ஆய்வுப் பணம் ஒதுக்குகிறார்கள். வாடகை எவ்வளவு ஏறியது, யார் வீட்டைக் காலி செய்தார்கள் என்று அளக்கவும் அதே அளவு ஒதுக்க வேண்டும்.

வாஷிங்டனில் அனகோஸ்டியா ஆற்றின்மேல் திட்டமிட்ட பாலப் பூங்காவுக்கு, கட்டுமானம் தொடங்கும் முன்பே, 2015இல், அக்கம்பக்கத்தவர் ஊரைவிட்டுப் போகாமலிருக்க ஒரு திட்டம் போட்டார்கள். அதன் வழியே உருவான மக்கள் நில அறக்கட்டளை நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, மேலே உள்ள வீடுகளை உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் தருகிறது.