மின்னணு இசை: சொல்லும் பொருளும்

எலக்ட்ரானிக் மியூசிக் என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் மின்னணு இசை. மின்னிசை என்று சுருக்கினால் மின் கிதாரும் அதற்குள் வந்துவிடும்.

மின்சாரம் ஓடுவதாலேயே ஒரு கருவி மின்னணுக் கருவி ஆகிவிடாது. அதிர்வு எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். நீலகிரியின் கோத்தர் பழங்குடியினர் ஊதும் ‘கொள்’ என்ற குழலுக்கு மைக் வைத்தாலும் அதிர்வது சீவாளிதான். மின் கிதாரில் கம்பி அதிர்கிறது, பிக்கப் என்ற உணர்கருவி அதை மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. மின்சாரத்தை நிறுத்தினாலும் கம்பி மெலிதாகக் கேட்கும். கீபோர்டும் எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியும் அடியோடு ஊமையாகும், ஏனெனில் அவற்றின் அதிர்வு மின்சுற்றுக்குள்தான் பிறக்கிறது.

எலக்ட்ரான் என்ற பெயரை 1891இல் வைத்தவர் அயர்லாந்து இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோனி. அம்பர் என்ற கெட்டித்த மரப்பிசினைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் வேர். தேய்த்த அம்பர் துரும்பை இழுக்கும். இலங்கையில் இலத்திரன் என்பார்கள். எலக்ட்ரான் அணு அல்ல, அணுவின் உள்ளே இருப்பது. ஆனாலும் மின்னணு என்ற சொல் வேரூன்றிவிட்டது, அதை மாற்றத் தேவையில்லை.

சிந்தசைசர் என்பதை ஒலித்தொகுப்பி எனலாம். கிரேக்க வேருக்கும் சேர்த்து வைத்தல் என்றே பொருள். அலையியற்றி அலையைத் தரும், வடிப்பான் அதன் ஒலிநிறத்தைச் செதுக்கும், பெருக்கி ஓசையை ஏற்றி இறக்கும். 1964இல் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் காட்டிய ஒலித்தொகுப்பியில் ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும்; அரைச்சுரத்துக்கு ஏறத்தாழ 83 மில்லிவோல்ட். இந்தக் கணக்கை நடத்தும் டிரான்சிஸ்டர் வெப்பத்துக்கு ஏற்ப மாறும், ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.33 சதவீதம் அளவில். இந்த மாற்றத்தை ஈடுகட்டும் மின்தடை இல்லையேல், ஊட்டியின் காலைக் குளிரில் கூட்டிய சுருதி கூட்டம் நிறைந்த மண்டபத்தில் நிற்காது. இப்படி மின்னழுத்தத்தால் சுருதியை ஆளும் அனலாக் கருவியை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பிறகே சுருதி கூட்டுங்கள். டிஜிட்டல் கீபோர்டின் சுருதியைப் படிகக் கடிகாரம் காப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் மூடுபனி அதையும் விடாது. அழுத்தும் வேகத்தை உணரும் பல கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு கார்பன் தொடுமுனைகள். அவை தொடும் நேர இடைவெளிதான் அழுத்தத்தின் வேகத்தைச் சொல்கிறது. ஈரமும் அழுக்கும் படிந்தால் சில கட்டைகள் பேசாது, சில மெல்லத் தொட்டாலே முழு ஓசையில் அலறும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டு மூடுங்கள். குளிரிலிருந்து கொண்டுவந்த கருவியை உறையோடு ஒரு மணி நேரம் வைத்திருந்தால், உள்ளே நீர் பூப்பது பெரும்பாலும் குறையும்.