கட்டுவிரியன் கடியும் வென்ரிலேற்றரின் எண்களும்

"மெசினில போட்டாச்சு, இனி ஆள் தப்பாது." தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வன்னியில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்து, மூச்சுக் கொடுக்கும் மெசினான வென்ரிலேற்றர் பூட்டியிருந்தால் இந்தப் பேச்சு பெரும் பிழை. அவருடைய நுரையீரல் நன்றாகவே இருக்கிறது. நஞ்சு நரம்பு முனைகளைச் சேதப்படுத்தியதால் மூச்சுத் தசைகள்தான் அசையவில்லை. ஏற்கெனவே சேதமான முனைகளை நச்சுமுறி மருந்து திருத்தாது. அவை திரும்ப வளரச் சில நாட்கள், சிலருக்கு ஒரு கிழமைக்கு மேலும் எடுக்கும். அதுவரை மூச்சு மெசினுடையது.

இவருக்கு, ஒவ்வொரு மூச்சிலும் குறித்த அளவு காற்றை மெசினே கொடுக்கும் வொலியூம் கொன்ட்ரோல் மோட் காணும். ஒரு மூச்சின் அளவை உடம்பின் பருமனை வைத்துக் கணிக்கக் கூடாது. வயிறு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. உயரத்தில் 152.4 செ.மீ. கழித்து, 0.91ஆல் பெருக்கி, ஆணுக்கு 50, பெண்ணுக்கு 45.5 கூட்டுங்கள். உயரத்துக்கு ஏற்ற எடை கிடைக்கும். 165 செ.மீ. ஆணுக்கு ஏறத்தாழ 61.5 கிலோ வரும். கிலோவுக்கு 6 முதல் 8 மி.லீ. என்றால் 370–490 மி.லீ. நிமிடத்துக்கு 12–16 மூச்சு. பீப், அதாவது மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் மிஞ்சவைக்கும் அழுத்தம், 5 செ.மீ. நீர். ஒட்சிசனை 100 சதவீதத்தில் தொடங்கினாலும், இரத்தத்தில் அதன் செறிவு 94 சதவீதத்துக்கு மேல் நிலைத்தவுடன் குறைத்துவர வேண்டும். எலிக்காய்ச்சலில் நுரையீரலே பழுதானவருக்குக் கணக்கு வேறு: மூச்சின் அளவு கிலோவுக்கு 6 மி.லீ. அல்லது அதற்கும் கீழ், பீப் கூடுதலாக.

பிரஷர் சப்போர்ட் மோடில் ஒவ்வொரு மூச்சையும் நோயாளியே தொடங்க வேண்டும்; மெசின் அழுத்தம் கொடுத்து உதவும், அவ்வளவுதான். தசை அசையாதவரை அதில் விட்டால் மூச்சு நின்றுபோகும். அலாரமும், மூச்சு நின்றால் மெசினே கொடுக்கத் தொடங்கும் பாதுகாப்பு மோடும் சரியாக வைக்கப்படாவிட்டால் ஆபத்து. இன்னொரு ஏமாற்றமும் உண்டு. குழாயில் தேங்கிய தண்ணீர் ஆடினாலும் மெசின் அதை நோயாளியின் முயற்சி என்று எடுத்துக்கொள்ளும். திரையைப் பார்ப்பவர் "தானாக மூச்சு வந்திட்டுது" என்று நினைப்பார். தண்ணீரை வடித்துவிட்டு நெஞ்சைப் பாருங்கள்.

அலாரம் அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது ஆளை, பிறகுதான் திரையை. மூச்சு உள்ளே போகும்போது வரும் உச்ச அழுத்தம் ஏறியிருந்தால் உள்மூச்சின் முடிவில் ஒருகணம் நிறுத்தி அளக்க வேண்டும். அந்த அளவு 30 செ.மீ. நீருக்குள் இருந்தால் தடை வழியில்தான்: சளி, மடிந்த குழாய், இழுப்பு. அதுவும் ஏறியிருந்தால் நுரையீரல் விறைத்திருக்கிறது, அல்லது நெஞ்சறையில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது தொண்டைக்குள் விட்ட குழாய் ஒரு பக்க நுரையீரலுக்கு மட்டும் இறங்கியிருக்கிறது. அழுத்தம் விழுந்தால் எங்கோ கழன்றிருக்கிறது. இல்லாவிட்டால் அந்தக் குழாயைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் பலூன் கசிகிறது. பலூனின் அழுத்தம் 20–30 செ.மீ. நீர் அளவில் இருக்க வேண்டும். காரணம் உடனே பிடிபடாவிட்டால் மெசினைக் கழற்றி, ஒட்சிசனோடு, அம்பு (Ambu) எனப்படும் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுங்கள்.

உறவினர்கள் மறக்கக் கூடாத ஒன்று: இமை தூக்க முடியாமல், கண்மணி விரிந்து, அசைவற்றுக் கிடந்தாலும் அவருக்குக் காது கேட்கலாம், நோவும் தெரியலாம். கட்டுவிரியன் கடியில் இந்த அறிகுறிகளை மட்டும் வைத்து மூளை செத்துவிட்டதென்று சொல்ல முடியாது. அருகில் நின்று பெயர் சொல்லிக் கதையுங்கள். மயக்க மருந்து கொடுப்பதும் இதற்காகவே.

தலையை 5 விநாடி தூக்கிப் பிடிக்கவும் நன்றாக இருமவும் முடிந்தால் மெசினிலிருந்து பிரித்துப் பார்க்கலாம். பிரஷர் சப்போர்ட் 5–8, பீப் 5 என்று 30 நிமிடம் விடுங்கள். நிமிட மூச்சின் எண்ணிக்கையை ஒரு மூச்சின் அளவால், லீற்றரில், வகுங்கள். 24 மூச்சு, 0.4 லீற்றர் என்றால் 60. குழாயை எடுக்க யோசிக்கலாம். 105ஐத் தாண்டினால் பழைய மோடுக்கே திருப்பி, மறுநாள் பார்க்க வேண்டும்.