மண்டையைத் திறக்கும் முன் வாயைத் திறந்து பாருங்கள்

"சார், மண்டையில ஒரு ஓட்ட போட்டு நரம்பச் சுட்டுட்டா அமந்துருவானாம்லா. போன்ல பாத்தேன். நம்ம பிள்ளைக்கும் செஞ்சிரலாமா?"

முக்கூடல் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த ஒரு அம்மா கேட்டது இது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பம். மகனுக்கு 19 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு, பேச்சு வராது. மூன்று மாதமாக அடியும் கடியும். அந்த அம்மாவின் முன்கை முழுக்கப் பல் தடங்கள். பழையவை கறுத்துக் கிடந்தன, ஒன்று அன்று காலையில் பதிந்தது. பீடி இலை வெட்டும் கத்தரியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறார்களாம். "ராத்திரி ஒறங்க மாட்டக்கான். எனக்கு ஏலல சார்."

இப்படித் தவிக்கும் ஒரு தாயிடம் "ஆப்பரேஷனா, சீச்சீ" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர் கேட்டது கற்பனையும் இல்லை.

மூளையின் பக்கவாட்டு மடலுக்குள் ஆழத்தில், பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. பயம், கோபம் ஆகியவற்றில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தலையில் சட்டம் மாட்டி, இடத்தைத் துல்லியமாக அளந்து, சிறு துளை வழியாக மெல்லிய கம்பியை இறக்கி அந்த இடத்தைச் சுட்டுவிடுவதுதான் அந்த அறுவை. 1960களில் ஜப்பானில் நரபயாஷி என்ற மருத்துவர் செய்தார். அதே காலத்தில் நம் சென்னையிலும் பாலசுப்பிரமணியம், ராமமூர்த்தி, கனகா ஆகிய மருத்துவர்கள் செய்தார்கள். 1988இல் ராமமூர்த்தி எழுதிய கட்டுரையில் 481 பேரின் கணக்கு இருக்கிறது. பலருக்கு நல்ல பலன் என்றார்கள். அவர்கள் திறமைசாலிகள், அக்கறை உள்ளவர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அடங்கிப்போனவன் நிம்மதியாக இருக்கிறானா, வெறுமனே மந்தமாகிவிட்டானா என்று பேச்சே வராத பிள்ளையிடம் யார் கேட்டுச் சொல்வது? சுட்ட திசு திரும்ப முளைக்காது. இன்றைக்குச் சுடாமல் மின்முனை பதித்துத் தூண்டும் முறை வந்திருக்கிறது. அதுவும் வேறெதற்கும் மசியாத மிகச் சிலருக்கு மட்டும்தான்.

வலிப்பு நோய்க்குச் செய்யும் மூளை அறுவை வேறு. தகுந்தவர்களுக்கு அது பெரிய வரம். இரண்டையும் குழப்பிக்கொண்டு அதற்கும் பயப்பட வேண்டாம்.

பையனிடம் வருகிறேன். அவன் அடித்துக்கொண்ட விதத்தைப் பத்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்ப வலது தாடையில்தான் அடித்தான். சோறு எப்படிச் சாப்பிடுகிறான் என்று கேட்டேன். "ஒரு பக்கமா ஒதுக்கிக்கிடுதான், முறுக்குன்னா உசுரு, இப்ப தொடுததே இல்ல" என்றார். வாயைத் திறக்க வைக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஈறு சீழ் கட்டி வீங்கியிருந்தது. மூன்று மாதமும் அந்த வலியோடு இருந்திருக்கிறான். சொல்ல வாயில்லாததால் கையால் சொல்லியிருக்கிறான்.

இது அபூர்வம் இல்லை. காதில் சீழ், நாள்கணக்கில் மலச்சிக்கல், கவனிக்காமல் விட்ட வலிப்பு, தூக்கமின்மை எல்லாமே மூர்க்கமாக வெளிப்படும். சில நேரம் நாங்கள் கொடுக்கும் மருந்தே காரணம். மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மாத்திரைகளால் சிலருக்கு உட்கார முடியாத ஒரு தவிப்பு வரும். நடந்துகொண்டே இருப்பார்கள், எரிந்து விழுவார்கள். நோய் கூடிவிட்டது என்று வீட்டில் இன்னொரு மாத்திரை கூட்டிக் கொடுப்பார்கள். குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டினால் என்ன ஆகும்? மனச்சிதைவு நோயில் எதற்கும் அடங்காத மூர்க்கத்துக்குக் க்ளோசபின் இருக்கிறது. தொடர்ந்து ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது. அதை ஒழுங்காகக் கொடுத்துப் பார்க்காமலே கைவிரித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 96ஆம் பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். மனநோய்க்கு மூளை அறுவை செய்ய, அறுவை செய்துகொள்ளப் போகும் ஆளே புரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும். அந்தச் சட்டப்படி அமைக்கப்படும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். குடும்பம் போடும் கையெழுத்து மட்டும் போதாது. அதே சட்டத்தின் 95ஆம் பிரிவு சங்கிலி போடுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத் தீயில் சங்கிலியோடு கருகிய 28 பேரை நாம் மறந்துவிடக் கூடாது.

அந்தப் பல்லைப் பிடுங்கினோம். கடிப்பது நின்றது. அடிப்பது முழுசாக நிற்கவில்லை. மூர்க்கத்தைத் தணிக்கும் ரிஸ்பெரிடோன் மாத்திரை குறைந்த அளவில் ஓடுகிறது. ராத்திரி உறங்குகிறான்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், வரும்போது ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு வாரக் கணக்கு எழுதி வாருங்கள்: எத்தனை மணிக்கு அடித்தான், அதற்கு முன் என்ன நடந்தது, உடம்பில் எந்த இடத்தைத் தொட்டுக்கொண்டான், என்ன சாப்பிட்டான், எப்போது வெளிக்குப் போனான். எழுத முடியாவிட்டால் போனில் வீடியோ எடுத்து வாருங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் மறக்காதீர்கள். காலி அட்டை என்றாலும் பரவாயில்லை. நடுராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.