கல்லடிப் பாலத்தில் கற்ற கணக்கு

மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போக முடிந்தது. சிறு வயதில் பஸ்ஸின் யன்னலோரம் உட்கார்ந்து, எதிர்ப்பக்கத்து லொறிகள் ஒவ்வொன்றாக இறங்கி முடியும்வரை வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. 1920களில் ஆங்கிலேயர் கட்டிய அந்த இரும்புப் பாலம் 300 மீற்றருக்குச் சற்றுக் குறைவான நீளம் கொண்டது. போக்குவரத்து அறிவியலின் அரைவாசிப் பாடத்தை அந்தக் காத்திருப்பிலேயே படித்துவிடலாம்.

மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஒரு வாகனம் அந்தப் பாலத்தைக் கடக்க ஏறத்தாழ 35 வினாடி எடுக்கும். ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை விடும் ஒவ்வொரு தடவையும், கடைசி வாகனம் இறங்கி முடியும்வரை புதிதாக எவரும் ஏற முடியாது. அந்த 35 வினாடி இரு பக்கத்தாருக்கும் நட்டம். பக்கத்துக்கு 1 நிமிடம் என்று மாற்றி மாற்றி விட்டால், ஒரு சுற்று 190 வினாடி. அதில் வாகனங்கள் ஏறுவது 120 வினாடி மட்டுமே. பாலத்தின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகிறது. பக்கத்துக்கு 5 நிமிடம் விட்டால் வீணாவது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அப்போதுதான் வந்து சேர்ந்தவர் ஆறு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும். வீணாகும் நேரத்தைக் குறைத்தால் காத்திருப்பு நீளுகிறது, காத்திருப்பைக் குறைத்தால் பாலத்தின் கொள்ளளவு சுருங்குகிறது. நகரச் சந்திகளில் உள்ள சமிக்ஞை விளக்குகளும் இதே இழுபறிக்குள்தான் நேரத்தைப் பங்கிடுகின்றன. விளக்குகளின் சுற்று எவ்வளவு நீளமாக இருந்தால் மொத்தத் தாமதம் குறையும் என்பதற்கான சூத்திரத்தை 1958இல் பிரித்தானியப் பொறியியலாளர் வெப்ஸ்டர் வகுத்தார். இன்றும் மாணவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலம் 2013 மார்ச்சில் திறக்கப்பட்டதும் கல்லடிக் காத்திருப்பு முடிந்தது. அடுத்த ஆண்டு மண்முனைப் பாலமும் வந்தது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் மக்கள், பாதை எனப்படும் மிதவையை நம்பி வாவியைக் கடந்த காலம் மாறியது. பாலங்கள் வந்தன, வீதிகள் காபட் வீதிகளாயின. அதற்குப் பிறகு என்ன?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரையான ஏ4 வீதியை வரைபடத்தில் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவே ஒடுங்கிய நிலத்தில் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று ஊருக்கு ஊர் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இங்கே வீதியை அகட்டுவது என்றால் எவருடைய கடை, எவருடைய வீட்டு முற்றம், எந்தக் கோயிலின் மதில் என்று கேட்க வேண்டிவரும். ஆகவே இருக்கும் வீதியை நன்றாக நடத்துவது ஒன்றே வழி. வீதியைக் கட்டுவது ஒரு கலை. கட்டிய வீதியை நாளாந்தம் இயக்குவது தனியான இன்னொரு கலை. இரண்டாவதுக்கும் திட்டமும் ஆட்களும் பணமும் வேண்டும் என்பதை நாம் இன்னும் போதிய அளவு உணரவில்லை என்றே நினைக்கிறேன்.

1930களில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற அமெரிக்கர் ஒஹாயோ மாநில வீதியோரத்தில் கமராவை வைத்து, ஓடும் வாகனங்களைப் படமெடுத்து அளந்தார். வீதியில் வாகனங்கள் நெருங்க நெருங்க அவற்றின் வேகம் குறைகிறது என்று கண்டார். இது எவருக்கும் தெரிந்ததுதான். அதிலிருந்து பிறக்கும் முடிவே முக்கியமானது. ஒரு மணித்தியாலத்தில் கடக்கும் வாகனங்களின் எண்ணிக்கை, நெருக்கத்தையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது. நெருக்கம் கூடும்போது அந்த எண்ணிக்கை முதலில் ஏறுகிறது. ஓர் உச்சத்தைத் தொட்டபின் விழத் தொடங்குகிறது. அதாவது, மிக அதிகமானோர் போக விரும்பும் வேளையில்தான் வீதி மிகக் குறைவானோரைக் கடத்திவிடுகிறது. உச்சத்தைத் தாண்ட விடாமல் காப்பதே வீதியை இயக்குவோரின் முதல் வேலை.

உச்சத்தைத் தாண்டிய வீதியில் நெரிசலுக்குக் காரணம்கூடத் தேவையில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீற்றர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓடச் சொன்னார்கள். சந்தியும் இல்லை, விபத்தும் இல்லை. சற்று நேரத்தில் ஒருவர் சிறிது தயங்க, பின்னால் வந்தவர் அதைவிடச் சற்று அதிகமாகப் பிரேக் பிடிக்க, சில கார்கள் முற்றாக நின்றுவிட்டன. அந்த நெரிசல் ஓர் அலையாகப் பின்னோக்கி நகர்ந்தது. 2008இல் வெளியான அந்த ஆய்வை வாசித்தபோது எனக்குச் சந்தை நாள் கல்முனைதான் கண்முன் வந்தது. அங்கே தயக்கத்துக்கு ஆயிரம் காரணம் உண்டு: நடுவீதியில் திரும்பும் ஓட்டோ, ஓரத்தில் ஆளேற்ற நிற்கும் பஸ், குறுக்கே வரும் துவிச்சக்கர வண்டி. பஸ் ஒதுங்கி நிற்க ஒரு வளைவு இருந்தால், அந்த அலை பிறக்கும் முன்பே அடங்கிவிடும்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு பக்கத்தில் மணிக்கு 1200 வாகனங்கள் போகக்கூடிய வீதி என்று வைத்துக்கொள்வோம். வருபவை 900. தாராளமாக ஓடும். திடீரென ஒரு லொறியின் அச்சு முறிந்து, 20 நிமிடம் அந்தப் பக்கம் அடைபடுகிறது. 300 வாகனங்கள் சேர்ந்துவிடும். ஒன்றுக்கு 7 மீற்றர் என்றாலும் 2 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வரிசை. லொறியை அகற்றியதும் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. மணிக்கு 1200 போகும்போது புதிதாக 900 வந்துகொண்டே இருக்கும். வரிசை குறைவது மணிக்கு 300தான். 20 நிமிட அடைப்பைத் தீர்க்க இன்னும் ஒரு மணித்தியாலம் வேண்டும். எல்லோருடைய தாமதத்தையும் கூட்டினால் 200 வாகன மணித்தியாலம் (ஒரு வாகனம் ஒரு மணித்தியாலம் தாமதித்தால் அது ஒன்று) வருகிறது.

அதே லொறியை 10 நிமிடத்தில் அகற்றியிருந்தால்? சேர்வது 150 வாகனம், கரைய அரை மணித்தியாலம், மொத்தத் தாமதம் 50. நேரத்தைப் பாதியாக்கியபோது நட்டம் நாலில் ஒன்றாகிவிட்டது! வீதியை ஓர் அடிகூட அகட்டவில்லை. இழுவை வாகனம் எங்கே நிற்கிறது, அதை அழைக்கும் தொலைபேசி இலக்கம் யாரிடம் இருக்கிறது, லொறியைத் தள்ளிவிட அனுமதி தரவேண்டியவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் வைத்திருந்ததன் பயன் அது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் இதை ஒரு கடற்கரையில்தான் கற்றது. கோடை வார இறுதிகளில் மக்கள் செசப்பீக் விரிகுடாப் பாலத்தைக் கடந்து கிழக்குக் கரைக்குப் போவார்கள். பாலத்தில் வரிசை நீளும். 1980களின் நடுவில் மாநில நெடுஞ்சாலை நிர்வாகம் அந்தக் கடற்கரைப் பயணத்தைச் சீராக்கவென்றே ஒரு முயற்சியைத் தொடங்கியது. அதுவே வளர்ந்து, பொலிஸாரும் சுங்கச்சாவடி அதிகாரிகளும் நெடுஞ்சாலைப் பொறியியலாளர்களும் சேர்ந்து மாநிலம் முழுவதையும் கவனிக்கும் நிரந்தரத் திட்டமாயிற்று. வீதியோர உதவி வாகனங்கள் ரோந்து போகின்றன. கமராக்கள் பார்க்கின்றன. முன்னே என்ன நடக்கிறது என்பதை மின்பலகைகள் சொல்கின்றன.

அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் ஒரு மதிப்பீடு அங்கே அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது: நெரிசலில் ஏறத்தாழ 40 வீதம்தான் வீதியின் ஒடுக்கத்தால் வருகிறது. விபத்தும் பழுதும் 25, மோசமான வானிலை 15, வீதிவேலை 10, சரியாக நேரம் அமைக்காத சமிக்ஞைகள் 5, விழாக்கள் 5. அகட்டினால் தீரும் நோய் பாதிகூட இல்லை. எண்கள் அவர்களுடைய நாட்டுக்குரியவை. நம் கரையில் விகிதம் வேறாக இருக்கும். அறுவடைக்குப் போகும் வெட்டு மெசின்களும், வீதியோரம் காயும் நெல்லும், கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களும் எந்த அமெரிக்க அட்டவணையிலும் இல்லை. ஆனால் பாதயாத்திரை ஆண்டுதோறும் வருவது. வரும் மாதமும் வழியும் முன்பே தெரியும். திட்டமிட இதைவிட எளிதான நிகழ்வு ஏது?

திட்டம் என்றால் முதலில் எதை அளப்பது என்று முடிவு செய்ய வேண்டும். சராசரிப் பயண நேரம் போதாது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஒரு கர்ப்பிணியைக் கொண்டுபோகும் குடும்பத்துக்குச் சராசரி எதற்கு? மோசமான ஒரு நாளில் எவ்வளவு நேரமாகும் என்பதே அவர்களுக்கு வேண்டும். 20 நாட்களின் பயண நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி 19ஆவதைப் பார்த்தால் அந்த விடை கிடைக்கும். அதற்கும் சராசரிக்கும் இடையிலான இடைவெளி சுருங்கினால் வீதி நம்பத்தக்கதாகிறது.

அடுத்தது, மேசையில் யார் யார் உட்கார வேண்டும் என்பது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. உள்வீதிகள் மாகாணத்துக்கும் பிரதேச சபைகளுக்கும் உரியவை. சந்தியில் நிற்பவர் பொலிஸ். இவர்களோடு நம் கரையில் நீர்ப்பாசனத் திணைக்களமும் கட்டாயம் இருக்க வேண்டும். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவைத் திறப்பது படுவான்கரையில் ஒரு போக்குவரத்துச் செய்தி. அந்தத் தண்ணீர் வயல்களைக் கடந்து வீதிக்கு வந்து சேரும்வரையான இடைவெளி, பஸ்ஸைத் திருப்பவும் பாடசாலையை நேரத்தோடு விடவும் நமக்குக் கிடைக்கும் அவகாசம். வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தின் மணலை எப்போது வெட்டுவது என்ற முடிவும் அப்படித்தான். தாழ்ந்த வீதிகளில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பது அதிலும் தங்கியிருக்கிறது.

2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு–அம்பாறை வீதியில், மாவடிப்பள்ளியில், மதரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் இறந்தார்கள். அந்த நாளை இந்தப் பகுதி மறக்காது. ஓடும் தண்ணீரின் தள்ளுவிசை அதன் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது: வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மேலிருந்து பார்ப்பவருக்கு ஆழமும் தெரியாது, வேகமும் தெரியாது. ஒரு தொன் எடையுள்ள சிறு காரின் அடிப்பரப்பு ஏறத்தாழ ஆறு சதுர மீற்றர். அடித்தட்டுக்கு மேல் 17 சென்ரிமீற்றர் தண்ணீர் ஏறினாலே அது மிதக்கத் தொடங்கும். நிலத்திலிருந்து கணக்கிட்டால் முழங்காலுக்கும் கீழே. சில்லு நிலத்தை அழுத்தாதபோது பிரேக்கும் ஸ்ரியரிங்கும் இருந்தும் பயனில்லை. உழவு இயந்திரம் பாரமானதுதான், ஆனால் அதன் பெட்டி நீண்டது. பக்கவாட்டில் வரும் ஓட்டம் அந்த நீளம் முழுவதையும் பிடித்துத் தள்ளும்.

இதற்கு வேண்டிய பொருட்கள் மலிவானவை. வெள்ளம் குறுக்கறுக்கும் ஒவ்வொரு தாம்போதியின் இரு முனையிலும், தூரத்திலிருந்தே தெரியும்படி எண்கள் எழுதிய ஆழமானித் தூண். 30 சென்ரிமீற்றரில் ஒரு சிவப்புக் கோடு. பூட்டுள்ள ஒரு தடைக்கம்பு. கடினமானது, தண்ணீர் கோட்டைத் தொட்டதும் எவரையும் கேட்காமல் கம்பை இறக்க அதிகாரம் பெற்ற ஒருவரை நியமிப்பது. அவர் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். மாற்றுவழி எது, பஸ்கள் எங்கே திரும்பும், நோயாளியை அக்கரைக்குக் கொண்டுபோகப் படகு யாரிடம் இருக்கிறது என்பவை ஒரு தாளில் எழுதப்பட்டு, ஐப்பசி மழைக்கு முன் அவர் கையில் இருக்க வேண்டும். அதன் பிரதி கிராம சேவகரிடமும், பள்ளிவாசலிலும் கோயிலிலும், வீதியோரத் தேநீர்க் கடைச் சுவரிலும்.