புருவத்தால் ஆடும் வீடியோ கேம்

1984-இல் வீடியோ கேம் நிறுவனமான அடாரி 'மைண்ட்லிங்க்' என்றொரு தலைப்பட்டையை உருவாக்கியது. பெயரைக் கேட்டால் மனதைப் படிக்கும் கருவி என்று தோன்றும். அது படித்தது நெற்றித் தசையை. புருவத்தை அசைத்தால் திரையில் மட்டை நகரும். ஆடிப் பார்த்தவர்கள் தலைவலிக்கிறது என்றார்கள்; கருவி கடைக்கே வரவில்லை.

ஆனாலும் தசையைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவுதான். தசை சுருங்கும்போது அதன் இழைகளில் மின்துடிப்பு ஓடுகிறது. அதன் எதிரொலி தோல்வரை வருகிறது. தசையின் மேல் இரண்டு மின்முனைகளை ஒட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பெருக்க வேண்டும். வீட்டு மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுவதால் கழித்தலில் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். மிஞ்சும் துடிப்பு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், பட்டனை அழுத்தியதாகக் கணக்கு. அந்த அளவை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். குறைத்து வைத்தால் கண் சிமிட்டினாலே மட்டை ஓடும். கூட்டி வைத்தால் ஆடுபவருக்கு நெற்றி வலிக்கும்.

மூளையின் சமிக்ஞை இதைவிடப் பலவீனமானது. மண்டையோட்டைத் தாண்டி வெளியே வருவது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் (ஒரு மைக்ரோவோல்ட் என்பது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). பல்லைக் கடித்தாலே தசையின் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும். 2009-இல் வந்த 'மைண்ட்ஃப்ளெக்ஸ்' பொம்மையில், கவனத்தைக் குவித்தால் விசிறி வேகமெடுத்துப் பந்தைத் தூக்கும். அதன் மின்முனையும் நெற்றியில்தான், தசையின் இரைச்சல் கலக்கும் அதே இடத்தில்.

இதயத்துடிப்பை அளப்பது சுலபம். விரல் நுனியில் ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்த அளவு மாறுவதைப் பார்த்தால் போதும். நின்டெண்டோ 2009-இல் அப்படியொரு சென்சாரை அறிவித்தது. 100 பேரில் 90 பேருக்குத்தான் சரியாக வேலை செய்கிறது, 1,000-இல் 999 பேருக்காவது வேண்டும் என்று 2013-இல் தலைவர் சடோரு இவாடா சொன்னார். கருவி வெளிவரவில்லை. அப்புறம், இதயம் நாம் சொன்ன நொடியில் கேட்காது. ஆட்டத்தின் பதற்றத்தைக் கூட்டிக் குறைக்க உதவும், குதிக்கவைக்க உதவாது.

இப்போது கவனம் மீண்டும் தசைக்கே வந்திருக்கிறது, இந்த முறை மணிக்கட்டுக்கு. விரலை மடக்கும் தசைகளில் முக்கியமானவை முன்கையில் இருப்பதால், மணிக்கட்டுப் பட்டையே விரலின் நுண்ணிய அசைவையும் பிடித்துவிடும். மெட்டா 2025-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பட்டை இந்த வகைதான். ஆயிரக்கணக்கானோரின் தசைத் துடிப்புகளைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி கொடுத்ததால், ஆளுக்கு ஆள் அளவு வைக்கும் பழைய தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

விரல் அசையாத சிலருக்கும் முன்கையில் மெல்லிய துடிப்பு மிச்சமிருக்கும். கேம்பேடைப் பிடிக்க முடியாத அவர்கள் கைக்குத்தான் இந்தப் பட்டை முதலில் போய்ச் சேர வேண்டும்.