சானாவில் எழுந்து நிற்கும்போது

"வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்" என்றார். நெற்றியில் மூன்று தையல். சானா என்பது சூடான காற்றில் உட்கார்ந்து வியர்க்கும் அறை. அதன் மேல்படியில் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு வெளியே போக எழுந்தவர். கதவுக் கைப்பிடியைத் தொட்டது வரைதான் ஞாபகம் இருக்கிறது. தரை ஈரமாக இருந்ததா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இல்லை என்றார்.

அவர் வழுக்கி விழவில்லை, மயங்கி விழுந்திருக்கிறார்.

சானாவின் சூடு பொதுவாக 70 முதல் 100 டிகிரி செல்சியஸ். அதே சூட்டில் தண்ணீர் பட்டால் தோல் வெந்துவிடும். காற்று உலர்ந்திருப்பதால் உடலுக்குள் வெப்பம் மெதுவாகத்தான் ஏறுகிறது. வியர்வையும் உடனுக்குடன் ஆவியாகிக் குளிர்விக்கிறது. அங்கே அடுப்பின் மேல் இருக்கும் சூடான கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றியதும் சுரீரென்று சுடுகிறதே, அது நீராவி தோலில் படிந்து வெப்பத்தை இறக்குவதால்.

சில நிமிடங்களில் தோலின் சூடு 40 டிகிரியை நெருங்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற, தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. சாதாரண நேரத்தில் இதயம் தள்ளும் ரத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட தோலுக்குப் போகாது; சானாவில் பாதிக்கு மேலேயே போய்விடும். அதை ஈடுகட்ட நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100, 120 என்று ஏறும். சும்மா உட்கார்ந்திருப்பதாக நாம் நினைப்போம், இதயம் வேக நடை போய்க்கொண்டிருக்கும். இந்த நிலையில் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கி, மூளைக்குக் கொஞ்ச நேரம் பற்றாமல் போகும். இவரோ காலையில் ரத்தக் குழாயைத் தளர்த்தும் பிரஷர் மாத்திரை வேறு போட்டிருந்தார்.

"கழிவெல்லாம் வியர்வையில போயிடுமே" என்பார்கள். வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். கழிவை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். சானாவில் எடை அரை கிலோ குறைந்தாலும், தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும்.

அதற்காக சானாவே கெடுதல் என்று சொல்ல மாட்டேன். பின்லாந்தில் 2,315 ஆண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் நான்கு முதல் ஏழு முறை போனவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் நல்ல ஆரோக்கியம் உள்ளவர்கள்தான் அடிக்கடி போகிறார்களோ என்ற கேள்வியும் இருக்கிறது. அதே நாட்டில் 2010இல் 110 டிகிரியில் யார் அதிக நேரம் தாங்குவது என்று போட்டி நடத்தியபோது, இறுதிச் சுற்றில் ஒருவர் இறந்தே போனார்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்வில்கூட நெஞ்சுவலி வருபவர்கள், இதய வால்வு மிகவும் சுருங்கியவர்கள் உள்ளே போக வேண்டாம். மது குடித்துவிட்டு யாருமே போகக் கூடாது. தோல் வழியாக மருந்து இறங்கும் பட்டை (patch) ஒட்டியிருப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். சூட்டில் மருந்து வேகமாக உடலில் ஏறும்.

தையல் பிரிக்க வந்தபோது, மறுபடி போகலாமா என்று கேட்டார். முதலில் பிரஷரை, உட்கார்ந்தும் நின்றும், பார்த்துவிடுவோம் என்றேன். அதற்கப்புறம் கீழ்ப்படியில் பத்து நிமிடம், எழும் முன் காலை ஆட்டிவிட்டு மெதுவாக எழுவது, கூட ஒரு ஆள்.

"மேல்படியிலதான் டாக்டர் சூடு நல்லா இருக்கும்" என்றார்.